நைட்ரோ பந்தயக் காரை மின்சாரத்துக்கு மாற்றலாமா? கன்வர்ஷன் கிட்டுகளின் வரவும் செலவும்

2021 பிப்ரவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. எடைக் கணக்கில் 16 விழுக்காட்டுக்கு மேல் நைட்ரோமீத்தேன் உள்ள கலவையைப் பொதுமக்கள் உரிமம் இல்லாமல் வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. வெடிபொருள் செய்ய உதவக்கூடிய வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் அது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்த வரம்பு 30 விழுக்காடாக இருந்தது. புதிய சட்டம் ஏறக்குறைய பாதியாக்கிவிட்டது. சட்டத்தை எழுதியவர்கள் பொம்மைக் கார்களை நினைத்து எழுதவில்லை. ஆனால் ரேடியோ கட்டுப்பாட்டில் ஓடும் நைட்ரோ பந்தயக் கார்களின் எரிபொருளில் 25 விழுக்காடு நைட்ரோமீத்தேன் கலப்பது நெடுநாள் வழக்கம். அடி நேராக அங்கே விழுந்தது.

அதிலிருந்து ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. வீட்டில் நல்ல நிலையில் ஒரு நைட்ரோ கார் இருக்கிறது. அதை மின்சாரத்துக்கு மாற்றும் கிட் சந்தையில் கிடைக்கிறது. வாங்கிப் பொருத்தலாமா, அல்லது புதிய மின்சாரக் காரே வாங்கிவிடலாமா? எரிபொருள் எளிதில் கிடைக்காத ஊர்களிலும், இரைச்சலுக்கு அக்கம்பக்கத்தார் எதிர்ப்புத் தெரிவிக்கும் பந்தயத் தடங்களிலும் இதே கேள்விதான். இதற்கு விடை சொல்ல, காருக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## எந்தக் காரைப் பற்றிப் பேசுகிறோம்

ரேடியோ கட்டுப்பாட்டுக் கார்களை அளவுவிகிதத்தால் பிரிப்பார்கள். 1/10 என்றால் அசல் காரின் பத்தில் ஒரு பங்கு. 1/8 என்றால் எட்டில் ஒரு பங்கு. இந்தக் கட்டுரையின் மையம் 1/8 அளவுள்ள, மண் தடத்தில் ஓடும் ‘பக்கி’ வகைக் கார். கியோஷோ, முகன், லோசி போன்ற நிறுவனங்களின் பெயர் பெற்ற பந்தயக் கார்கள் இந்த வகையில் உண்டு. எடை ஏறத்தாழ மூன்றேகால் கிலோ. நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும். முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று என மூன்று டிஃபரென்ஷியல்கள் (விசையை இரு பக்கமும் பிரித்து, இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கர அமைப்புகள்) இருக்கும்.

இதன் இதயம் 3.5 சிசி கொள்ளளவுள்ள இருவீச்சு என்ஜின். எரிபொருள் மூன்று பொருள்களின் கலவை: மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய். தீப்பொறி பிளக் கிடையாது. பிளாட்டினம் கலந்த கம்பி கொண்ட குளோ பிளக், மெத்தனாலின் வினையை வினையூக்கியாகத் தூண்டி, அந்த வெப்பத்தில் தானே கனன்றுகொண்டிருக்கும். நைட்ரோமீத்தேனின் பங்கு என்ன? அதன் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு கிராம் மெத்தனால் முழுதாக எரிய ஏறத்தாழ 6.4 கிராம் காற்று தேவை, நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிராம் போதும். ஆகவே அதே அளவு காற்றில் கூடுதல் எரிபொருளை எரிக்க முடிகிறது, விசை கூடுகிறது.

பரவலாக இருக்கும் ஒரு தவறான எண்ணத்தை இங்கேயே விலக்கிவிடலாம். 16 விழுக்காட்டு வரம்பு நைட்ரோ கார்களைக் கொன்றுவிடவில்லை. என்ஜின் தலைப்பகுதியில் உள்ள மெல்லிய ஷிம் வளையத்தைக் குறைத்து அழுத்தவிகிதத்தைக் கூட்டி, பொருத்தமான பிளக் போட்டு, கார்புரேட்டரைத் திருத்தினால் 16 விழுக்காட்டிலும் அந்த என்ஜின் நன்றாகவே ஓடும். உச்ச வேகம் சற்றுக் குறையலாம். தடத்தில் எல்லோருக்கும் அதே எரிபொருள் என்றால் அது பெரிய குறையும் அல்ல. ‘சட்டம் வந்துவிட்டது, அதனால் மாற்றியே ஆக வேண்டும்’ என்ற காரணத்துக்காக மட்டும் யாரும் காரைப் பிரிக்க வேண்டியதில்லை.

## கிட் என்ன செய்கிறது

கன்வர்ஷன் கிட் என்பது காரைத் தயாரித்த நிறுவனம் அல்லாத வேறொருவர் பெரும்பாலும் விற்கும் மாற்று உதிரித் தொகுப்பு. சில சமயம் தயாரிப்பாளரே விற்பதும் உண்டு.

கழற்றப்படுபவை:

1. என்ஜின், கார்புரேட்டர், காற்று வடிகட்டி, புகைக்குழாய்.
2. எரிபொருள் தொட்டி. பந்தய பக்கிகளில் 125 மில்லி கொள்ளும்.
3. கிளட்ச், ஃபிளைவீல், கிளட்ச் மணி.
4. கார்புரேட்டரையும் பிரேக்கையும் இயக்கும் சர்வோ (ரேடியோ ஆணைப்படி அசையும் சிறு மோட்டார்), அதன் கம்பிகள், நடு டிஃபரென்ஷியலின் இரு பக்கமும் உள்ள டிஸ்க் பிரேக்குகள்.

பொருத்தப்படுபவை: மோட்டாரைப் பிடிக்கும் அலுமினியத் தாங்கி, பேட்டரி தட்டு, ஸ்பீட் கன்ட்ரோலரை (மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கருவியை) வைக்கும் தட்டு, பினியன் (மோட்டார் தண்டில் மாட்டும் சிறு பற்சக்கரம்). மோட்டார், ஸ்பீட் கன்ட்ரோலர், பேட்டரி ஆகிய மூன்றும் பொதுவாகக் கிட்டின் விலையில் சேராது. விளம்பரத்தில் தெரியும் தொகையைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். கிட் மலிவு, அதோடு ஓட வேண்டிய மின்சாதனங்கள் கிட்டைவிடப் பல மடங்கு விலை.

ஷாக்குகள், சஸ்பென்ஷன் கைகள், முன்பின் டிஃபரென்ஷியல்கள், ஸ்டியரிங் எல்லாம் பழையவையே. இதுதான் கிட்டின் கவர்ச்சி. ஏற்கெனவே பணம் போட்டு வாங்கிய, கைக்குப் பழகிய காரின் பெரும்பகுதி வீணாகாமல் இருக்கிறது.

## இந்தச் சந்தை எப்படி உருவானது

மூன்றரை கிலோ காரைப் பந்தய வேகத்தில் இழுக்கும் மின்மோட்டார் நெடுங்காலம் கிடையாது. நிக்கல் பேட்டரிகளும் பிரஷ் மோட்டார்களும் 1/10 கார்களுக்குப் போதும், 1/8க்குப் போதாது. 2000களின் பிற்பகுதியில் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிகளும் பிரஷ் இல்லாத பெரிய பிரஷ்லெஸ் மோட்டார்களும் கைக்கெட்டும் விலைக்கு வந்தன. காசில் நிறுவனத்தின் மாம்பா மான்ஸ்டர் போன்ற ஸ்பீட் கன்ட்ரோலர்கள் அந்த அளவுக் கார்களுக்கென்றே வந்தன. அப்போது பெரிய தயாரிப்பாளர்களிடம் மின்சார 1/8 பக்கி அரிது. அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் சிறு கிட் தயாரிப்பாளர்கள். அவர்களில் பெயர் பெற்றது அமெரிக்காவின் டெக்னோ ஆர்சி.

பிறகு நடந்ததைக் கவனிக்க வேண்டும். லோசி 8ஐட்-இ, முகன் எம்பிஎக்ஸ்6 ஈகோ, கியோஷோ எம்பி9இ எனப் பெரிய நிறுவனங்கள் தங்கள் நைட்ரோ கார்களின் மின்சார வடிவங்களைத் தாமே வெளியிட்டன. டெக்னோவும் இபி48 என்ற முழுக் காரைத் தானே வடிவமைத்து விற்கத் தொடங்கியது. மற்றவர்களின் கார்களை மாற்றி மாற்றி எந்த இடம் உடைகிறது, எந்த இடம் சூடாகிறது என்று கற்ற நிறுவனம், கடைசியில் முதலிலிருந்தே மின்சாரத்துக்காக ஒரு காரை வரைவதுதான் சரி என்று முடிவு செய்தது. கிட்டுகளின் வரம்பு பற்றி இதைவிட நம்பத்தக்க சாட்சியம் எனக்குத் தெரியாது.

## சாதகங்கள்

ஓட்டுவது எளிதாகிவிடும் என்பது முதல் சாதகம். நைட்ரோ என்ஜினைக் காலையில் ஒரு மாதிரி, மதிய வெயிலில் ஒரு மாதிரி திருத்த வேண்டும். காற்றின் வெப்பமும் ஈரப்பதமும் மாறினால் கார்புரேட்டர் ஊசியும் மாற வேண்டும். கலவை மெலிந்து என்ஜின் சூடேறி பிஸ்டன் இறுகினால் செலவு பெரிது. மின்மோட்டாரில் இந்தத் தலைவலி கிடையாது. ஸ்டார்ட்டர் பெட்டி, குளோ பிளக் சூடேற்றி, எரிபொருள் குப்பி எதுவும் தூக்கிச் செல்ல வேண்டாம். பயிற்சி நேரம் முழுவதும் பயிற்சிக்கே கிடைக்கிறது. புதிதாக ஓட்டக் கற்பவருக்கு இதுவே தனிப்பெரும் காரணம்.

இரைச்சல் அடுத்தது. மூடிய கூடத்திலும் குடியிருப்பை ஒட்டிய மைதானத்திலும் நைட்ரோ காரை ஓட்ட அனுமதி கிடைப்பது கடினம். புகையும் இல்லை, சேஸிஸ் (அடித்தட்டு) முழுவதும் படியும் எண்ணெய்ப் பிசுக்கும் இல்லை.

எடை ஓட்டத்தின் நடுவே மாறாது என்பதும் ஓட்டுநர்களுக்கு உண்மையிலேயே உதவும். தொட்டி நிறைந்திருக்கும்போது ஒருவிதமாகவும் காலியாகும்போது ஒருவிதமாகவும் கார் நடந்துகொள்வது நைட்ரோவின் இயல்பு. மின்சாரக் காரில் முதல் சுற்றிலும் கடைசிச் சுற்றிலும் பேட்டரியின் எடை ஒன்றுதான்.

## முறுக்குவிசை எங்கே போய் மோதுகிறது

பாதகங்களில் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து வருகின்றன. நைட்ரோ என்ஜினுக்குக் குறைந்த சுழல்வேகத்தில் விசை குறைவு. சுழற்சி ஏற ஏறத்தான் விசை வரும். கிளட்ச் அந்த விசையை நழுவவிட்டு நழுவவிட்டு மெல்லப் பிடிக்கும். மின்மோட்டார் அப்படியல்ல, நின்ற நிலையிலேயே முழு முறுக்குவிசையும் தயார். கிளட்ச்சும் இல்லை. விரல் டிரிக்கரை இழுத்த கணத்தில் அந்த அதிர்ச்சி பினியனில் தொடங்கிச் சக்கரம் வரை தடையின்றி ஓடுகிறது. நைட்ரோவுக்காக வடிவமைத்த காரில் இந்த அதிர்ச்சி எந்தெந்த இடத்தில் தெரியும் என்று வரிசையாகப் பார்க்கலாம்.

1. பினியனும், அது சுழற்றும் பெரிய பற்சக்கரமான ஸ்பர் கியரும். கிட் தரும் மோட்டார் தாங்கி, பழைய என்ஜின் தாங்கியின் துளைகளில்தான் பெரும்பாலும் அமரும். அந்தத் துளைகள் என்ஜினை நான்கு திருகால் பிடிக்கப் போடப்பட்டவை. மோட்டாரோ தாங்கியின் ஒரு முகத்தில் மட்டும் திருகப்பட்டு, மறுமுனை காற்றில் நிற்கிறது. குதித்து விழும்போதெல்லாம் அந்த முனை ஆடும். ஆடினால் பற்களின் இடைவெளி மாறும். இடைவெளி மாறினால் எஃகுப் பற்களும் சில நிமிடங்களில் மழுங்கிப்போகும். தாங்கியைப் பொருத்தும்போது இரண்டு பற்சக்கரங்களுக்கும் நடுவே மெல்லிய தாள் கீற்று ஒன்றைச் செருகி, ஒன்றோடொன்று அழுத்தித் திருகை இறுக்கிவிட்டு, சக்கரத்தை உருட்டித் தாளை வெளியே எடுப்பார்கள். தாளில் மடிப்பு மட்டும் விழுந்திருந்தால் இடைவெளி சரி. தாள் கிழிந்திருந்தால் அழுத்தம் அதிகம். மோட்டாரின் பின்முனையையும் தாங்கும் வளையம் உள்ள கிட் என்றால் கூடுதல் விலை கொடுத்தாலும் தகும்.

2. நடு டிஃபரென்ஷியல். முடுக்கும்போது முன்சக்கரங்கள் தரையைவிட்டு எழத் துடிக்கும். எடையற்ற முன்சக்கரங்கள் வீணாகச் சுழலும். விசை அந்த வழியே கசியும். இதைக் கட்டுப்படுத்த உள்ளே ஊற்றும் சிலிக்கான் எண்ணெயை நைட்ரோவில் இருந்ததைவிடக் கெட்டியாகப் போட வேண்டும். கிட்டின் வழிகாட்டித் தாள் இதைச் சொல்லாவிட்டாலும் செய்தே ஆக வேண்டிய வேலை இது.

3. பிரேக். இது பலர் கவனிக்காத இழப்பு. நைட்ரோ காரில் நடு டிஃபரென்ஷியலின் முன்பக்கம் ஒரு டிஸ்க், பின்பக்கம் ஒரு டிஸ்க். இரண்டையும் தனித்தனியே திருத்தி, முன்சக்கரத்துக்கு எவ்வளவு பிரேக், பின்சக்கரத்துக்கு எவ்வளவு என்று ஓட்டுநர் முடிவு செய்யலாம். மாற்றிய காரில் பிரேக் என்பது மோட்டாரே. அதன் தடுப்புவிசை நடு டிஃபரென்ஷியல் வழியாக இரு பக்கமும் பிரிகிறது. எப்படிப் பிரிய வேண்டும் என்று சொல்லும் திருகு போய்விட்டது. எண்ணெயின் கெட்டித்தன்மை ஒன்றுதான் மிச்சம். வளைவுக்குள் பிரேக் பிடித்துக்கொண்டே நுழைந்து பழகியவர்களுக்கு முதல் சில நாள் கார் அந்நியமாகத் தோன்றும். டிஸ்க்குகளை அப்படியே வைத்துக்கொண்டு, பிரேக்குக்கு மட்டும் ஒரு சர்வோ விடும் கிட்டுகளும் இருந்தன. வேலை கூடுதல், எடையும் கூடுதல். ஆனால் தடத்தில் நுணுக்கம் தேடுவோருக்கு அவை பிடித்திருந்தன.

4. சேஸிஸின் துளைகள். நைட்ரோ காரின் அடித்தட்டில் ஃபிளைவீலுக்கு நேர் கீழே ஒரு நீள்துளை வெட்டியிருப்பார்கள். ஸ்டார்ட்டர் பெட்டியின் ரப்பர்ச் சக்கரம் அதன் வழியாகத்தான் ஃபிளைவீலைத் தொட்டுச் சுழற்றும். கிட் பொருத்திய பிறகு அந்தத் துளை அப்படியே திறந்து கிடக்கும். முன்சக்கரம் எறியும் சிறு கல் அதில் ஏறி நேராகப் பினியனுக்கும் ஸ்பர் கியருக்கும் நடுவே போகலாம். ஒரு கல் போதும், ஒரு பந்தயம் முடிந்துவிடும். மெல்லிய பாலிகார்பனேட் தகட்டை வெட்டி உட்புறமாக ஒட்டிவிடுவது எளிய தீர்வு.

5. எடையும் அதன் சமநிலையும். 5000 மில்லிஆம்பியர்-மணி கொண்ட நான்கு செல் பேட்டரி ஒன்றே அரைக் கிலோ அளவுக்கு வரும். மோட்டாரும் என்ஜினும் எடையில் பெரிதாக வேறுபடுவதில்லை. ஆகவே மாற்றிய கார் பொதுவாக அதன் நைட்ரோ வடிவத்தைவிடக் கனமாக இருக்கும். பழைய ஷாக் ஸ்பிரிங்குகள் அந்தக் கனத்துக்கு மெலிவு. குதித்து இறங்கும்போது வயிறு தரையில் இடிக்கும். கெட்டியான ஸ்பிரிங்கும் ஷாக் எண்ணெயும் வாங்க வேண்டிவரும். பேட்டரி ஒரு பக்கம், மோட்டார் மறு பக்கம் என்று அமர்வதால் இடது வலது சமநிலையையும் பார்க்க வேண்டும். காரின் நடுக்கோட்டில் முன்னால் ஒரு முனையிலும் பின்னால் ஒரு முனையிலும் மட்டும் தாங்கித் தூக்கினால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்ணுக்கே தெரியும்.

இவை எல்லாவற்றுக்கும் மருந்து உண்டு. ஆனால் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு விலை உண்டு. பெட்டியில் வந்த கிட்டைப் பொருத்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர் இந்தச் செலவை முன்கூட்டியே கணக்கில் சேர்ப்பதில்லை.

## பற்களின் எண்ணிக்கை: ஒரு கணக்கு

மோட்டாரின் மேல் 1900 கேவி, 2200 கேவி என்று அச்சிட்டிருப்பார்கள். ஒரு வோல்ட்டுக்கு, சுமை இல்லாத நிலையில், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதே அதன் பொருள். நான்கு செல் லிப்போவின் பெயரளவு மின்னழுத்தம் 14.8 வோல்ட். 1900 கேவி மோட்டார் என்றால் 1900 × 14.8 = 28,120 சுற்று.

காரின் மொத்தப் பல்விகிதம் 12 என்று வைத்துக்கொள்வோம். அதாவது மோட்டார் 12 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,343 சுற்று. டயரின் விட்டம் 110 மில்லிமீட்டர் என்றால் சுற்றளவு 0.345 மீட்டர். பெருக்கினால் நிமிடத்துக்கு 808 மீட்டர், மணிக்கு 48 கிலோமீட்டருக்குச் சற்று மேல். தடத்தில் சுமையோடு ஓடும்போது இதைவிடக் குறையும்.

இந்த விகிதம் 13 பல் பினியனுக்கு என்று கொள்வோம். வேகம் போதவில்லை என்று 15 பல் பினியன் போட்டால் என்ன ஆகும்? காகிதத்தில் வேகம் 56 கிலோமீட்டர் ஆகிறது. ஆனால் அதே முடுக்கத்துக்கு மோட்டார் 15 விழுக்காடு கூடுதல் முறுக்குவிசை தர வேண்டும். முறுக்குவிசை கூடினால் மின்னோட்டம் அதே விகிதத்தில் கூடும். சுருளில் பிறக்கும் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 15 விழுக்காடு கூடுதல் மின்னோட்டம் என்றால் வெப்பம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. இரண்டே பல்லுக்கு இந்த விலை.

மாற்றிய கார்களில் மோட்டார் எரிந்துபோவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம் என்பது என் உறுதியான கருத்து. நைட்ரோவில் புகைக்குழாயின் காதைக் கிழிக்கும் ஓசையே வேகமாகத் தோன்றும். ஓசையற்ற காரில் அதே வேகம் குறைவாகத் தோன்ற, கை பெரிய பினியனைத் தேடிப் போகிறது. சிறிய பினியனில் தொடங்கி, ஐந்து நிமிடம் ஓட்டி, மோட்டாரின் மேற்பரப்பு வெப்பத்தை அளந்து, பிறகு ஒவ்வொரு பல்லாகக் கூட்டுவதே முறை. 80 டிகிரி செல்சியஸை நெருங்கினால் அங்கேயே நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் போனால் மோட்டாருக்குள் சுழலும் ரோட்டர் காந்தத்தின் வலிமையே நிரந்தரமாகக் குறையத் தொடங்கலாம்.

## பேட்டரி கேட்கும் ஒழுக்கம்

எரிபொருள் தீப்பற்றும், லிப்போவும் தீப்பற்றும். லிப்போவின் ஆபத்து வேறு வகை, அவ்வளவுதான். ஒரு செல் முழுதாக நிறைந்தால் 4.2 வோல்ட், நான்கு செல்லுக்கு 16.8. சுமையில் 3.2 வோல்ட்டுக்குக் கீழே இழுத்தால் செல் கெடும். ஆகவே ஸ்பீட் கன்ட்ரோலரில் தாழ்வரம்பைச் செல்லுக்கு 3.2 அல்லது 3.3 என்று வைத்துவிட வேண்டும். நாள்கணக்கில் ஓட்டாமல் வைப்பதானால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும். செல்களைத் தனித்தனியே சமப்படுத்தும் சார்ஜர்தான் வேண்டும். சார்ஜ் ஏறும்போது ஆள் அருகில் இருக்க வேண்டும். உப்பிய பேட்டரியைப் ‘பயிற்சிக்கு மட்டும்’ என்று வைத்துக்கொள்வது கூடவே கூடாது.

இன்னொரு கணக்கும் உண்டு. நைட்ரோ கார் தடத்தோரமுள்ள ‘பிட்’ நிறுத்தத்தில் நின்று சில நொடியில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு ஒரு மணி நேர இறுதிப் போட்டியையும் ஓடிவிடும். மின்சாரக் கார் ஒரு பேட்டரிக்கு ஏறத்தாழ பத்து நிமிடம். நாள் முழுவதும் ஓட்ட வேண்டுமானால் மூன்று நான்கு பேட்டரிகளாவது வேண்டும். ‘எரிபொருள் செலவு மிச்சம்’ என்று சொல்பவர்கள் இந்த வரியையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

விமானத்தில் போட்டிக்குச் செல்பவர்களுக்கு மட்டும் ஒரு செய்தி: 14.8 வோல்ட், 5 ஆம்பியர்-மணி என்றால் 74 வாட்-மணி. 100 வாட்-மணிக்குக் கீழே இருப்பதால் முனைகளை மூடிக் கைப்பையில் எடுத்துச் செல்லும் வரம்புக்குள் வருகிறது. நைட்ரோ எரிபொருளைப் பயணப் பையில் எந்த அளவிலும் விமானத்தில் எடுத்துச் செல்ல முடியாது.

## எந்த வகுப்பில் ஓட்டப் போகிறீர்கள்

மாற்றிய கார் எவ்வளவு நன்றாக ஓடினாலும் போட்டி விதி அதை ஏற்க வேண்டும். அமெரிக்காவில் 1967இல் தொடங்கிய ரோர் அமைப்பும், உலக அளவில் 1979இல் அமைந்த இஃப்மார் கூட்டமைப்பும் வகுப்புகளை வரையறுக்கின்றன. நைட்ரோ பக்கியும் மின்சார பக்கியும் தனித்தனி வகுப்புகள். மின்சார 1/8 வகுப்பில் நான்கு செல் என்பதே பொது வழக்கம். ஆறு செல் போட்டு மின்னோட்டத்தைக் குறைத்து மோட்டாரைக் குளிர்ச்சியாக வைக்கலாம் என்பது பொறியியல்படி சரியான யோசனை. ஆனால் தொழில்நுட்பப் பரிசோதனை மேசையிலேயே கார் நின்றுவிடும். உள்ளூர்த் தடங்களுக்குத் தனி விதிகளும் இருக்கும். கிட் வாங்கும் முன் அந்தத் தாளை வாங்கிப் படிப்பதே முதல் வேலை.

## வேறு வகை மாற்றங்கள்

எல்லாக் கன்வர்ஷனும் என்ஜினை மாற்றுவது அல்ல. இரண்டு வகைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம்.

ஒன்று, ஈர்ப்பு மையத்தைத் தாழ்த்துவது. 2008இல் வந்த டிராக்ஸஸ் ஸ்லாஷ் 1/10 அளவுள்ள, பின்சக்கர விசை கொண்ட டிரக். கரடுமுரடான தரையில் தட்டாமல் ஓட அதன் சேஸிஸ் உயரமாக வடிவமைக்கப்பட்டது, பேட்டரியும் உயரத்தில். பந்தயத் தடத்தில் வளைவில் வேகமாகத் திரும்பினால் கவிழ்ந்துவிடும். பேட்டரியையும் மின்சாதனங்களையும் கீழே இறக்கும் தாழ்ந்த சேஸிஸை வெளி நிறுவனங்கள் விற்றன. பிறகு டிராக்ஸஸே தன் பெயரில் விற்கத் தொடங்கியது. கன்வர்ஷன்களில் எனக்குத் தயக்கமே இல்லாத ஒன்று இது. விலை குறைவு, பலன் முதல் வளைவிலேயே தெரியும், மற்ற உதிரிகளின் மேல் புதிய சுமை எதுவும் ஏறுவதில்லை. ஒரே எச்சரிக்கை: பெட்டியில் வந்தபடியே ஓட வேண்டும் என்று விதித்திருக்கும் ஸ்லாஷ் வகுப்புகளில் இதற்கு அனுமதி இராது.

மற்றொன்று, 1/10 பக்கியில் பின் அச்சுக்குப் பின்னால் இருக்கும் மோட்டாரை அச்சுக்கு முன்னால் கொண்டுவருவது. தளர்ந்த மண்ணில் பின்மோட்டார் பிடிமானம் தரும். கம்பளம், செயற்கைப் புல் போன்ற பிடிமானம் மிகுந்த தரையில் நடுமோட்டார்தான் வேகமாகத் திரும்பும். அசோசியேட்டட் பி4 காரின் உதிரிகளைக் கொண்டு எக்ஸ்-ஃபாக்டரி போன்ற சிறு நிறுவனங்கள் இதைச் செய்து காட்டின. பின்னர் டிஎல்ஆர் நிறுவனத்தின் ‘22’ என்ற கார், இரண்டு விதமாகவும் கட்டக்கூடியதாகவே வந்தது. இங்கே கவனிக்க வேண்டியது, கியர் பெட்டியைத் திருப்பிப் போடும்போது மோட்டாரும் எதிர்த்திசையில் சுழல வேண்டும் என்பது. ஒரு திசைக்கென்று டைமிங் (சுருளுக்கு மின்சாரம் போகும் தருணம்) கூட்டி வைத்த மோட்டாரை அப்படியே எதிர்த்திசையில் ஓட்டினால் சூடாகும், விசையும் குறையும். உங்கள் தடத்தின் தரை எது என்று தெரியாமல் இந்த மாற்றத்தில் இறங்குவது வீண்.

## அப்படியானால் எப்போது மாற்றலாம்

1/8 நைட்ரோ காரைப் பொறுத்தவரை என் தீர்ப்பு இது. கார் ஏற்கெனவே கையில் இருக்க வேண்டும். அதன் டிஃபரென்ஷியல்களும் சஸ்பென்ஷனும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். அந்தக் காரின் உதிரிகள் இன்னும் விற்பனையில் இருக்க வேண்டும். நோக்கம் பயிற்சியும் உள்ளூர்ப் போட்டியுமாக இருக்க வேண்டும். நான்கும் பொருந்தினால் கிட் நல்ல வழி. மாற்றுவதற்கென்றே பழைய நைட்ரோ கார் ஒன்றை வாங்கி அதில் கிட்டைப் போடுவது நட்டக் கணக்கு. மோட்டாரும் பேட்டரியும் எந்தக் காருக்கும் வாங்கியே ஆக வேண்டியவை என்பதால், மிச்சமாவது வெறும் காருக்கும் காருக்குமான விலை வேறுபாடு மட்டுமே. பிரேக், எடை, சேஸிஸ் துளை என்று மேலே பார்த்தவற்றைச் சரிசெய்யும் செலவு அந்த மிச்சத்தை விழுங்கிவிடும். மேல்மட்டப் போட்டி நோக்கம் என்றால் தயக்கமின்றி மின்சாரத்துக்கென்றே வரைந்த கார்தான்.

உதிரி கிடைப்பது பற்றி இன்னும் ஒரு வார்த்தை. சஸ்பென்ஷன் கை உடைந்தால் தடத்துக் கடையில் கிடைக்கும். பக்கத்து மேசைக்காரரும் கொடுப்பார். கிட்டோடு வந்த மோட்டார் தாங்கி வளைந்தால் அது அந்தக் கிட் தயாரிப்பாளரிடம் மட்டுமே கிடைக்கும். அவர் அந்தக் கிட்டை நிறுத்திவிட்டால் கார் அலமாரிக்குப் போகும். ஆகவே கிட் வாங்கும்போதே தாங்கியும் பேட்டரித் தட்டும் இன்னொரு ஜோடி வாங்கி வைப்பது நல்லது.

## மாற்றிய காரைப் பழையதாக வாங்கினால்

இத்தகைய கார்கள் மறுவிற்பனையில் மலிவாகக் கிடைக்கும். வாங்குபவருக்கு அது நல்ல வாய்ப்பும் ஆகலாம். பேரம் பேசும் முன் பார்க்க வேண்டியவை:

1. ஸ்பர் கியரை முழுச் சுற்று சுற்றி ஒவ்வொரு பல்லாகப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் மோட்டார் தாங்கி கோணலாக நிற்கிறது.
2. மோட்டாரின் மறுமுனையைப் பிடித்து மேலும் கீழும் அசைக்க வேண்டும். பினியன் அருகே இடைவெளி கூடிக் குறைந்தால் தாங்கி தளர்வு.
3. தாங்கித் திருகுகளின் கீழே சேஸிஸ் துளைகள் நீள்வட்டமாக விரிந்திருக்கின்றனவா என்று கழற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும். விரிந்திருந்தால் சேஸிஸையே மாற்ற வேண்டிவரும்.
4. டிஃபரென்ஷியல் வெளிக்கோப்பைகளில் டிரைவ் ஷாஃப்ட்டின் (விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் தண்டின்) ஊசி பதிந்த பள்ளம் ஆழமாக இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவினாலே தெரியும். முறுக்குவிசையின் அதிர்ச்சி முதலில் எழுதிவைக்கும் இடம் அதுதான்.
5. ஸ்பீட் கன்ட்ரோலர் கம்பிகளின் இணைப்பு முனைகள் கருத்தும் குழிவிழுந்தும் இருந்தால், செருகும்போதெல்லாம் தீப்பொறி பறந்திருக்கிறது. இணைப்பான்களைப் புதிதாக மாற்றிச் சாலிடர் வைக்கும் செலவை விலையிலிருந்து கழித்துக்கொள்ளலாம்.
6. விற்பவர் பேட்டரியையும் சேர்த்துத் தந்தால் நான்கு செல்களின் மின்னழுத்தத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிடக் கணிசமாகத் தாழ்ந்திருந்தால் பேட்டரிக்கு விலை போடாமல் காருக்கு மட்டும் பேச வேண்டும்.